ஆட்டம் ஒன்று, அலைவரிசை இரண்டு

ஒரு போட்டியின் அரையிறுதி ஆட்டம் யாருக்குச் சொந்தம்? ஆடியவர்களுக்கா, ஆட்டத்தை நடத்திய சங்கத்துக்கா, அதைப் படம் பிடித்த நிறுவனத்துக்கா, அல்லது வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் நமக்கா? இது வேடிக்கைக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் இதற்கு விடை தேடி நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். பாராளுமன்றம் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. வானொலி அலைகளைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தும்போது நான் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்லும் கதை இது. பாடத்தை மறந்தவர்களும் கதையை நினைவில் வைத்திருக்கிறார்கள்!

1993ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் இரவு. கல்கத்தா ஈடன் தோட்ட மைதானத்தில், வங்காளக் கிரிக்கெட் சங்கம் தன் வைர விழாவை ஒட்டி நடத்திய ஹீரோ கோப்பைப் போட்டியின் அரையிறுதி. அந்த மைதானத்தில் மின்விளக்கு வெளிச்சத்தில் நடந்த முதல் பந்தயமும் அதுதான். இந்தியா எடுத்தது 195 ஓட்டங்கள். கடைசி ஓவரில் 6 ஓட்டங்கள் எடுத்தால் தென்னாப்பிரிக்காவுக்கு வெற்றி. இருபது வயது சச்சின் டெண்டுல்கர் பந்தை வாங்கிக்கொண்டார். கொடுத்தது மூன்றே ஓட்டங்கள். இந்தியா 2 ஓட்டங்களில் வென்றது. மூன்று நாள் கழித்து நடந்த இறுதி ஆட்டத்தில் அனில் கும்ப்ளே 12 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளைச் சாய்த்து மேற்கிந்தியத் தீவுகளை வீழ்த்தினார்.

கிரிக்கெட் பிரியர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆனால் அந்தப் படங்கள் வீடு வந்து சேர்வதற்கு நீதிமன்ற ஆணைகள் தேவைப்பட்டன என்பது பலருக்குத் தெரியாது. மைதானத்தில் இரு அணிகள் மோதிக்கொண்டிருந்தபோது, மைதானத்துக்கு வெளியே தூர்தர்ஷனும் கிரிக்கெட் சங்கமும் மோதிக்கொண்டிருந்தன.

இந்த மோதலைப் புரிந்துகொள்ள முதலில் கொஞ்சம் இயற்பியல் தேவை. பயப்படவேண்டாம், கொஞ்சம்தான்.

மைதானத்தைச் சுற்றிப் பல காமிராக்கள் நிற்கின்றன. எல்லாக் காமிராக்களின் படங்களும் வெளியே நிற்கும் ஓ.பி. வண்டிக்குக் கம்பி வழியே வருகின்றன. எந்த விநாடியில் எந்தக் காமிராவின் படம் போகவேண்டும் என்று உள்ளே ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறார். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டு வெளிவரும் ஒரே ஓடைதான் அந்த ஆட்டத்தின் ‘சிக்னல்’. அது நுண்ணலையாகவோ கம்பி வழியாகவோ தரைநிலையத்துக்குப் போய், அங்கிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி, மீண்டும் நாடெங்கும் இறங்குகிறது. ஏறி இறங்கும் தூரம் 72,000 கிலோமீட்டர். ஒளியின் வேகம் விநாடிக்கு 3,00,000 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள்: கால் விநாடிக்கும் சற்றுக் குறைவு. இறங்கிய சிக்னலை ஊர் ஊராக உள்ள அலைபரப்பிகள் வாங்கி நம் கூரைமேல் உள்ள ஆன்டெனாவுக்கு அனுப்பின.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. படத்தை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பகிர்ந்து கொடுக்கலாம். ஒருவர் பார்ப்பதால் இன்னொருவருக்குக் குறைந்துவிடாது. ஆனால் படத்தைச் சுமந்து செல்லும் அதிர்வெண் அப்படியல்ல. நம் நாட்டு முறையில் ஒரு பழைய தொலைக்காட்சி அலைவரிசைக்கு 7 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள இடம் வேண்டும். மத்திய அலை வானொலியில் ஒரு நிலையத்துக்கு 9 கிலோஹெர்ட்ஸ் போதும். அதாவது ஒரு தொலைக்காட்சி உட்காரும் இடத்தில் ஏறத்தாழ 770 வானொலி நிலையங்களை உட்கார வைத்துவிடலாம். ஒரே ஊரில் இரண்டு பேர் ஒரே அதிர்வெண்ணில் அலைபரப்பினால் இருவர் படமும் கெடும். எனவே வானத்தில் இடம் குறைவு. யாரோ ஒருவர் பங்கிட்டுத் தரவேண்டும்.

தூரத்துக்கும் எல்லை உண்டு. இவ்வலைகள் பூமியின் வளைவைத் தாண்டி அதிகம் போவதில்லை. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால் அலை எட்டும் தூரம் ஏறத்தாழக் கிலோமீட்டரில் கிடைக்கும். 150 மீட்டர் கோபுரம் என்று வைத்துக்கொண்டால் 50 கிலோமீட்டர். வீட்டு மாடியில் ஆன்டெனாவை 10 மீட்டர் உயரத்தில் வைத்தால் இன்னொரு 13 கிலோமீட்டர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் எங்கள் திருமுக்கூடல் சென்னையிலிருந்து நேர்க்கோட்டில் அறுபது கிலோமீட்டரை ஒட்டி இருக்கிறது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது நாங்கள் வரம்பின் விளிம்பில் இருந்தோம் என்று கணக்கே சொல்லிவிடுகிறது. இரும்புக் குழாயை நீட்டி, ஆன்டெனாவை வடகிழக்கே திருப்பி, “தெரியுதா, தெரியுதா?” என்று மாடியிலிருந்து ஒருவர் கத்த, “இன்னும் கொஞ்சம்” என்று கீழேயிருந்து இன்னொருவர் கத்தியது இந்த வர்க்கமூலத்தின் விளைவுதான். தென்கோடிக் கடற்கரை ஊர்க்காரர்களின் ஆன்டெனாக்கள் வேறு திசையில் திரும்பியிருந்தன. 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினி அவர்களுக்குக் கடல் கடந்து கிடைத்தது. கிரிக்கெட்டுக்காகவே அதைப் பார்த்தவர்கள் பலர்.

1885ஆம் ஆண்டுச் சட்டம்

இப்போது சண்டைக்கு வருவோம். கிரிக்கெட் வாரியம் தூர்தர்ஷனை நம்பியிருந்த காலம் அது. நாடெங்கும் படத்தைக் கொண்டுபோக வேறு வழி கிடையாது. ஆனால் 1991இல் செயற்கைக்கோள் வழியாக வெளிநாட்டு அலைவரிசைகள் வீடுகளுக்குள் நுழைந்தன. தெருத் தெருவாகக் கேபிள் இழுக்கப்பட்டது. ஆட்டத்தின் படத்தை வாங்க வெளிநாட்டு நிறுவனங்கள் பணத்தோடு காத்திருப்பதைக் கிரிக்கெட் சங்கங்கள் கண்டுகொண்டன. ஹீரோ கோப்பைக்கான உரிமையை வங்காளச் சங்கம் டிரான்ஸ் வேர்ல்டு இன்டர்நேஷனல் என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது.

உரிமையைக் கொடுத்துவிட்டால் ஆயிற்றா? மைதானத்திலிருந்து செயற்கைக்கோளுக்குப் படத்தை ஏற்றவேண்டுமே! அதற்கு அரசின் அனுமதி வேண்டும். தூர்தர்ஷன் தரப்பு இணங்கவில்லை. நிறுவனம் கொண்டுவந்த கருவிகளைப் பம்பாயில் சுங்க அதிகாரிகள் தடுத்து வைத்தார்கள். அரசு காட்டிய ஆயுதம் 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம். தந்தி அமைக்கவும் நடத்தவும் மத்திய அரசுக்கு மட்டுமே உரிமை என்பது அதன் நான்காம் பிரிவு.

இயற்பியல் படிப்பவர்கள் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளலாம். மின்காந்த அலைகள் உண்டு என்று மாக்ஸ்வெல் கணிதத்தால் காட்டியது 1865இல். ஹெர்ட்ஸ் அவற்றைச் சோதனைச்சாலையில் உண்டாக்கிக் காட்டியது 1887-88இல். சட்டம் பிறந்தது 1885இல்! வானொலி அலையை எவரும் கண்ணால் காணாத காலத்தில், கம்பித் தந்திக்காக வெள்ளையர் எழுதிய சட்டம், பின்னால் வந்த திருத்தங்களின் துணையோடு, டெண்டுல்கரின் கடைசி ஓவரைத் தடுக்கவும் விடவும் வல்லதாக இருந்தது. (இச்சட்டத்தின் இடத்தைப் பிடிக்கும் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் 2023இல்தான் இயற்றப்பட்டது.)

சங்கம் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கும் ஏறியது. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையில், இடைக்கால ஆணைகள் பிறந்தன. அவற்றின் நிழலில்தான் அரையிறுதியும் இறுதியும் ஒளிபரப்பாயின.

முழுத் தீர்ப்பு 1995 பிப்ரவரி 9ஆம் நாள் வந்தது. நீதிபதிகள் பி. பி. சாவந்த், எஸ். மோகன், பி. பி. ஜீவன் ரெட்டி மூவரும் அமர்ந்து அளித்த தீர்ப்பு. அதன் சாரம் இது: வானலைகள் பொதுச் சொத்து. அவை அளவுக்குட்பட்டவை, ஆகவே பொதுநலன் கருதி ஒரு பொது அமைப்பு அவற்றை நெறிப்படுத்தவேண்டும். அரசு மட்டுமே ஒளிபரப்பலாம் என்பது சரியல்ல. பணமுள்ள தனியாரிடம் விட்டுவிடுவதும் சரியல்ல. செய்தியும் கேளிக்கையும் பெறும் உரிமை பார்க்கும் மக்களுக்கு உண்டு. அது பேச்சுரிமையின் ஒரு பகுதி.

என் கருத்தில் இத்தீர்ப்பின் பெருமை, அது இயற்பியலைச் சரியாகப் புரிந்துகொண்டதில் இருக்கிறது. அதிர்வெண் குறைவு என்ற ஓர் உண்மையிலிருந்து தொடங்கி, அது யாருடையது என்ற முடிவுக்கு நீதிபதிகள் போனார்கள். அரசின் பிடியில்லாத பொது அமைப்பு ஒன்றை ஏற்படுத்தவேண்டும் என்றும் சொன்னார்கள். 1990இலேயே நிறைவேறித் தூங்கிக்கொண்டிருந்த பிரசார் பாரதி சட்டம் 1997 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

அமெரிக்காவில் மடை திறந்த கதை

இதே சிக்கலை அமெரிக்கர்கள் நமக்கு முன்பே சந்தித்திருக்கிறார்கள். அவர்கள் ‘ஃபுட்பால்’ என்பது நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடும் வேறோர் ஆட்டம். அங்கே அணிகள் தனித்தனியாக விற்ற ஒளிபரப்பு உரிமையை ஒன்றுதிரட்டி ஒரே மூட்டையாக விற்கலாம் என்று 1961இல் ஒரு சட்டம் அனுமதித்தது. அப்போது இரண்டு போட்டிச் சங்கங்கள் இருந்தன. ஒன்றின் ஆட்டங்களை சி.பி.எஸ். நிறுவனமும் மற்றதை என்.பி.சி. நிறுவனமும் காட்டிவந்தன. 1966இல் இரு சங்கங்களும் இணைய முடிவு செய்து, இரண்டின் வெற்றியாளர்களும் மோதும் இறுதி ஆட்டம் ஒன்றை ஏற்பாடு செய்தன. யார் ஒளிபரப்புவது? இருவருமே!

1967 ஜனவரி 15 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த அந்த ஆட்டத்தை இரண்டு நிறுவனங்களும் ஒரே நேரத்தில் காட்டின. காமிராவும் படமும் சி.பி.எஸ். உடையவை. என்.பி.சி. அதே படத்தை வாங்கித் தன் வர்ணனையாளர்களையும் தன் விளம்பரங்களையும் சேர்த்துக்கொண்டது. ஒரே சிக்னல், இரண்டு குரல்கள். இடைவேளை முடிந்து பந்தை உதைத்தபோது என்.பி.சி. இன்னும் ஆட்டத்துக்குத் திரும்பவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? நடுவர்கள் அந்த உதையைச் செல்லாது என்று விட்டு மறுபடி உதைக்கச் சொன்னார்கள். ஆட்டத்துக்காகத் தொலைக்காட்சியா, தொலைக்காட்சிக்காக ஆட்டமா என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அடுத்த ஆண்டிலிருந்து ஆளுக்கொரு ஆண்டு என்று பிரித்துக்கொண்டார்கள். இன்று நான்கு நிறுவனங்கள் முறைவைத்து அந்த இறுதி ஆட்டத்தைக் காட்டுகின்றன. ஏரிப் பாசனத்தில் முறைவைத்து மடை திறப்பதைப் பார்த்த நம்மவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். சொந்த ஊரில் நடக்கும் ஆட்டத்தை மைதானத்திலிருந்து 75 மைல் சுற்றளவில் ஒளிபரப்பக்கூடாது என்று 1973 வரை அங்கே ஒரு கட்டுப்பாடு இருந்தது. டிக்கெட் விற்பனை கெட்டுவிடுமாம். 75 மைல் என்றால் 120 கிலோமீட்டர். சேப்பாக்கத்துக்கு அப்படியொரு விதி இருந்திருந்தால் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருமுக்கூடல் எல்லாம் இருட்டில் இருந்திருக்கும்.

ஏழு நிமிடம்

நம் நாட்டில் 1995க்குப் பிறகு தனியார் விளையாட்டு அலைவரிசைகள் வளர்ந்தன. வாரியம் அதிக விலை கொடுப்பவருக்கு விற்றது. வாங்கியவர் கேபிள் வழியே காசு வாங்கிக்கொண்டு காட்டினார். கேபிள் இல்லாத வீடு? 2004 மார்ச்சில் இந்திய அணி பாகிஸ்தான் சென்றபோது உரிமை டென் ஸ்போர்ட்ஸ் கையில் இருந்தது. தூர்தர்ஷனிலும் வரவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு நடந்தது. விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. டென் ஸ்போர்ட்ஸின் சின்னமும் விளம்பரமும் உள்ள படியே தூர்தர்ஷன் காட்டலாம், ஆனால் பிரசார் பாரதி 50 கோடி ரூபாயை முன்பணமாகக் கட்டவேண்டும் என்று இடைக்கால ஆணை வந்தது.

2007 ஜனவரியில் மேற்கிந்திய அணி இங்கே வந்தபோது மீண்டும் அதே சண்டை. இம்முறை உரிமை நிம்பஸ் நிறுவனத்திடம். நாகபுரியில் ஜனவரி 21 அன்று நடந்த முதல் ஒரு நாள் பந்தயம் தூர்தர்ஷனில் நேரடியாக வரவில்லை. பிறகு தில்லி உயர் நீதிமன்றம் ஒரு நடுவழி கண்டது: தூர்தர்ஷன் காட்டலாம், ஆனால் ஏழு நிமிடம் தாமதமாக!

நான் அப்போது பள்ளி மாணவன். எங்கள் தெருவில் கேபிள் உள்ள வீடுகளும் உண்டு, இல்லாத வீடுகளும் உண்டு. தறிச் சத்தத்துக்கு நடுவே தூர்தர்ஷனைப் பார்த்துக்கொண்டிருப்போம். எதிர்வீட்டில் திடீரென்று கைதட்டல் கேட்கும். எங்கள் பெட்டியில் பந்து வீச்சாளர் அப்போதுதான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருப்பார். “விக்கெட்டா, சிக்ஸரா?” என்று ஏழு நிமிடம் காத்திருக்கவேண்டும். அடுத்த வீட்டுத் தாத்தா மட்டும் பாவுக்கு முன்னால் உட்கார்ந்தபடி வானொலியைக் கேட்டுக்கொண்டு, எங்களுக்கு முன்பே எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருப்பார்.

ஏழு நிமிடம் என்றால் 420 விநாடிகள். அதற்குள் ஒளி 12 கோடியே 60 லட்சம் கிலோமீட்டர் போய்விடும். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரமே 15 கோடிதான். செயற்கைக்கோள் ஏற்படுத்தும் தாமதம் கால் விநாடி. வழக்கு ஏற்படுத்திய தாமதத்தில் கேபிள் இல்லாத வீடுகள் ஏறக்குறையச் சூரியனுக்குப் பக்கத்தில் போய் நின்றன!

இந்தக் கூச்சலுக்குப் பிறகு 2007 பிப்ரவரியில் அவசரச் சட்டமும், தொடர்ந்து பாராளுமன்றத்தின் சட்டமும் வந்தன. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டுப் போட்டி என்று அரசு அறிவிக்கும் ஆட்டத்தை எந்தத் தனியார் நிறுவனம் ஒளிபரப்பினாலும், அதன் நேரடி சிக்னலை விளம்பரம் நீக்கிப் பிரசார் பாரதிக்குக் கொடுத்தே ஆகவேண்டும். இந்திய ஆடவர் அணி ஆடும் ஒரு நாள் பந்தயங்கள் மட்டுமல்ல, உலகக் கோப்பையின் அரையிறுதி, இறுதி ஆட்டங்களும் இந்தப் பட்டியலில் உண்டு. அதில் இந்தியா ஆடினாலும் ஆடாவிட்டாலும் சரி. நாடு முழுவதும் பார்க்க விரும்புவது முடிவுக் கட்டத்தைத்தான் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

தூர்தர்ஷன் அந்த சிக்னலில் தன் விளம்பரங்களைச் சேர்த்துக்கொள்ளும். 100 ரூபாய் வருமானம் வந்தால் 75 ரூபாய்க்குக் குறையாமல் உரிமை வாங்கியவருக்கும், மீதி பிரசார் பாரதிக்கும். வானொலியானால் பாதிக்குப் பாதி. எங்கள் ஊர் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வருமானத்தில் கோயிலுக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு, பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலைக்கு எவ்வளவு, மருத்துவருக்கு எவ்வளவு என்று அது பங்கு பிரித்து எழுதியிருக்கும். பங்கைக் கல்லில் வெட்டிவிட்டால் சண்டை குறையும் போலும்.

ஆனால் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் சண்டை தீரவில்லை. கேபிள்காரர்கள் தூர்தர்ஷன் அலைவரிசையைக் கட்டாயம் காட்டவேண்டும் என்பது வேறொரு சட்டம். ஆகவே தனியார் அலைவரிசைக்குப் பணம் கட்டாத கேபிள் வீடுகளிலும் அதே ஆட்டம் தூர்தர்ஷன் வழியே இலவசமாக வந்தது. கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கியவர் சும்மா இருப்பாரா? வழக்குப் போட்டார்கள். 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், இப்படிப் பகிரப்பட்ட சிக்னலைத் தூர்தர்ஷன் தன் தரைவழி அலைபரப்பிகளிலும் தன் இலவசச் செயற்கைக்கோள் சேவையிலும் மட்டுமே காட்டலாம், கேபிள் வழியே போகக்கூடாது என்று தீர்ப்பளித்தது. கேபிள் வைத்திருப்பவர் தூர்தர்ஷனைத் திருப்பினால் ஆட்டம் இல்லை. பக்கத்து வீட்டில் இலவசத் தட்டு வைத்திருப்பவருக்கு ஆட்டம் உண்டு. 2007இல் இருந்த நிலை அப்படியே தலைகீழ்! தரைவழி அலைபரப்பிகளோ இதற்குப் பின் சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. எனவே கூரைமேல் இருந்த பழைய ஆன்டெனாவுக்கு இன்று வேலை இல்லை. எங்கள் ஊரில் சில வீடுகளில் அதில் துணி உலர்கிறது.

2008இல் பிறந்த ஐ.பி.எல். வேறு பாதையில் போனது. 2022இல் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கான உரிமையை வாரியம் ஏலம் விட்டபோது தொலைக்காட்சியையும் இணையத்தையும் தனித்தனியாக விற்றது. தொலைக்காட்சி 23,575 கோடி ரூபாய்க்கு ஸ்டார் நிறுவனத்துக்கும், இணையம் 20,500 கோடிக்கு வயாகாம் 18 நிறுவனத்துக்கும் போயின. இவை தவிர மூன்றாவது மூட்டை ஒன்று இருந்தது: தொடக்க ஆட்டம், இரண்டு ஆட்டங்கள் நடக்கும் நாட்களின் மாலை ஆட்டங்கள், முடிவுக் கட்டத்தின் நான்கு ஆட்டங்கள். ஐந்தாண்டுகளில் இவை 98 ஆட்டங்கள். அதையும் வயாகாம் 18 நிறுவனமே எடுத்தது. இந்த ஆட்டங்களுக்கென்று தனியே ஒரு விலைச் சீட்டு கட்டினார்கள் என்பதைப் பாருங்கள். முடிவுக் கட்டத்தின் மதிப்பு எவ்வளவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2023, 2024 ஆண்டுகளில் ஒரே இறுதி ஆட்டத்தைப் பெட்டியில் ஒரு நிறுவனமும் கைப்பேசியில் இன்னொரு நிறுவனமும் காட்டின. 2024 நவம்பரில் அவ்விரண்டு நிறுவனங்களின் தொழிலும் ஒன்றாக இணைந்தது. 2025 இறுதி ஆட்டத்தில் பெட்டியும் கைப்பேசியும் ஒரே வீட்டுக்காரரிடம்.

2007ஆம் ஆண்டுச் சட்டம் பேசுவது தரைவழி அலைபரப்பு, செயற்கைக்கோள்வழிச் சேவை, வானொலி ஆகியவற்றைத்தான். தூர்தர்ஷன் பெறும் சிக்னல் அந்த வழிகளில் போகும். நம் மாணவர்களில் பெரும்பாலோர் ஆட்டம் பார்க்கும் கைப்பேசியோ அந்தப் பட்டியலில் இல்லை.

அடுத்த உலகக் கோப்பை அரையிறுதியின்போது வாசகர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு வானொலிப் பெட்டி, ஒரு தொலைக்காட்சி, ஒரு கைப்பேசி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மட்டையில் பந்து படும் சத்தம் எதில் முதலில், எதில் கடைசியில் கேட்கிறது என்று நிறுத்து கடிகாரத்தால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் சிறு சிறு துண்டுகளாக்கப்பட்டு, சேர்த்துவைக்கப்பட்டு, பிறகே ஓடுகிறது. ஆகவே பல விநாடிகள் பின்தங்கும். ஒவ்வொரு தாமதத்தையும் ஒளியின் வேகத்தால் பெருக்கி, உங்கள் கைப்பேசி மைதானத்திலிருந்து எத்தனை லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருப்பதற்குச் சமம் என்று கணக்கிடுங்கள். ஒப்பிடுவதற்கு ஓர் எண்: நிலவு 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.